தூரத்து மலையெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது: புகைமூட்டத்தில் பயணப் படம் எடுப்பது எப்படி?

#1 நீலமலைநாடி

வணக்கம் நண்பர்களே. மலை உச்சியில் உள்ள காட்சிமுனைகளில் நான் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி கெட்டுப்போகின்றன. நேரில் நிற்கும்போது மூன்று நான்கு மலைத்தொடர்கள் தெரிகின்றன. கேமராவில் பார்த்தால் முதல் தொடர் பச்சை, இரண்டாவது சாம்பல், அதற்கப்பால் வெறும் வெள்ளை. கையில் இருப்பவை 24-105, 70-300 என்று இரண்டு லென்ஸ்கள். இரண்டிலும் யூவி ஃபில்டர் மாட்டியிருக்கிறேன்.

லைட்ரூம் மென்பொருளில் மூட்டம் நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை 60 வரை இழுத்தால் மலை வெளியே வருகிறது. ஆனால் வானம் திட்டுத் திட்டாகிவிடுகிறது, மூலைகள் இருண்டுவிடுகின்றன, படம் முழுக்க அழுக்கு நீலம் ஏறிக்கொள்கிறது. இதற்கென்று உருப்படியான ஃபில்டர் ஏதாவது உண்டா? இல்லை, காற்று கெட்ட பருவத்தில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட வேண்டியதுதானா? கிளம்பும் முன் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) பார்த்தேன், மிதம் என்றுதான் காட்டியது. அப்படியும் இந்த லட்சணம்.

#2 கழுகுக்கண்

யூவி ஃபில்டரை நம்ப வேண்டாம். ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. ஃபிலிமில் புற ஊதா பதியும், அதனால் உயரமான இடங்களில் படம் நீலம் பாயும். டிஜிட்டல் சென்சாரின் முன்னால் இருக்கும் கண்ணாடியே புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. இப்போது அந்த ஃபில்டர் லென்ஸுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். மட்டமான மூடியாக இருந்தால் எதிர்வெயிலில் தன் பங்குக்கு அதுவும் படத்தை வெளுக்கும்.

அப்புறம், 300 எம்எம் போட்டுத் தூரத்து மலையை இழுக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். லென்ஸ் மலையைப் பெரிதாக்கும். நடுவில் இருக்கும் காற்றில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்காது.

#3 ஒளிவலை

கழுகுக்கண் கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த இழையில் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

மூட்டம் இரண்டு வேலை செய்கிறது. மலையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கை வழியிலேயே சிதறடித்துவிடுகிறது. கூடவே, வெயிலையும் வான வெளிச்சத்தையும் வாங்கி, மலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெளிறிய ஒளியை லென்ஸுக்குள் திருப்பிவிடுகிறது. முதலாவது கழித்தல் என்றால் இரண்டாவது கூட்டல். தூரம் ஏற ஏற மலையின் சொந்த ஒளி தேய்ந்து, கூட்டிய வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் நான்காவது மலைத்தொடரில் கிடைத்த வெள்ளை அதுதான்.

இந்தத் தேய்மானம் மடங்கு மடங்காக நடக்கும். 5 கிலோமீட்டரில் கான்ட்ராஸ்ட் (வெளுப்புக்கும் கருமைக்குமான வித்தியாசம்) பாதி ஆனால், 10 கிலோமீட்டரில் கால், 15ல் அரைக்கால். ஜெர்மானிய விஞ்ஞானி கோஷ்மீடர் 1924ல் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். கான்ட்ராஸ்ட் 2 சதவீதத்துக்கு இறங்கும் தூரம் எதுவோ, அதுவே கண்ணுக்கு எட்டும் எல்லை என்பது கணக்கு. தூசியே இல்லாத காற்றில், கடல் மட்டத்தில், அது சுமார் 300 கிலோமீட்டர். மூட்டமான நாளில் 10 ஆக இறங்கிவிட்டது என்று வையுங்கள். அப்போது 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்துக்கே பாதிக் கான்ட்ராஸ்ட்கூட மிஞ்சாது. 5 கிலோமீட்டரில் இருப்பதற்கு ஏழில் ஒரு பங்குதான்.

ஏக்யூஐ பற்றி. அது உடல்நலத்துக்கான எண், கண்ணுக்கானது கிடையாது. அதில் சேரும் பிஎம் 2.5 என்பது, 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட துகள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற எடைக்கணக்கு. சல்பேட், நைட்ரேட் துகள்களுக்கு ஈரம் என்றால் உயிர். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும், அதே துகள் பல மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். அளக்கும் கருவிகளில் பலவும் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளக்கின்றன. ஆகவே எண்ணில் அந்த உப்பல் தெரியாது, உங்கள் படத்தில் தெரியும். போதாததற்கு, கருவி ஊருக்குள் ஒரு இடத்தில் நிற்கிறது. நீங்கள் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே முப்பது கிலோமீட்டர் காற்றை ஊடுருவிப் பார்க்கிறீர்கள்.

#4 தூசுதட்டி

இவ்வளவு இயற்பியலுக்கு முன்னால் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள் என்பது என் கட்சி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

படத்தில் உங்கள் காலடியில் இருக்கும் பாறையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் பிளவுக்குள் கருப்பு கருப்பாகவே இருந்தால் குற்றவாளி காற்று. அதுவும் சேர்ந்து சாம்பலாக வெளுத்திருந்தால் காற்றை விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியில் கைரேகை படிந்திருக்கும், இல்லையென்றால் லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் ஹூட் போடாமல் எதிர்வெயில் உள்ளே புகுந்திருக்கும். காற்றின் மூட்டம் பக்கத்தில் இருப்பதைத் தொடாது, தூரத்தை மட்டும்தான் தின்னும்.

#5 நீலமலைநாடி

பார்த்துவிட்டேன் தூசுதட்டி. பாறைப் பிளவு கன்னங்கரேலென்று இருக்கிறது. அப்போது காற்றுதான்.

ஒளிவலை சார், விளக்கத்துக்கு நன்றி. இப்போது அடுத்தது. அதே இடத்துக்கு எந்த நேரத்தில் போனால் தேவலை? விடியற்காலையில்தான் காற்று சுத்தமாக இருக்கும் என்று நினைத்து எப்போதும் சூரிய உதயத்துக்கே போய்க்கொண்டிருக்கிறேன். போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

#6 கழுகுக்கண்

நேரத்தைப் பார்க்கும் முன் திசையைப் பாருங்கள். உங்கள் காட்சிமுனை கிழக்கு பார்த்ததா? அப்படியென்றால் காலையில் சூரியனை எதிர்த்து எடுக்கிறீர்கள். மூட்டத் துகள்கள் வாங்கிய வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் தள்ளும். சூரியன் எதிரே இருந்தால் அத்தனையும் நேராக லென்ஸுக்கு வரும், காட்சி வெள்ளைச் சுவராக நிற்கும். அதே இடம், அதே காற்று, மாலை நாலு மணிக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்ததும் பாருங்கள். மலை மடிப்புகளும் மரங்களின் நிறமும் திரும்பி வந்திருக்கும். காற்று சுத்தமானது போல் தோன்றும். துகள் எதுவும் எங்கேயும் போகவில்லை, உங்கள் பக்கம் வரும் வெளிச்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூட்டத்தை மறைக்க வேண்டுமா, முதுகில் வெயில் வாங்குங்கள். மூட்டத்தையே படமாக்க வேண்டுமா, எதிர்வெயிலுக்குப் போங்கள். இடையில் நின்றால் இரண்டும் கிடைக்காது.

போலரைசர் வாங்கலாம். எல்லாத் திசையிலும் வேலை செய்யாது. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக வைத்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் பட்டையில்தான் அதன் வேலை முழுதாகத் தெரியும். ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். 24 எம்எம்முக்குக் கீழே போனால் வானத்தின் நடுவில் கருநீலப் பட்டை விழும், பார்க்கச் சகிக்காது.

#7 ஒளிவலை

போலரைசரோடு ஒரு எச்சரிக்கை. அது நம்பியிருப்பது சிதறல் ஒளியின் ஒருமுகத் தன்மையை, அதாவது ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வதை. காற்று மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும் சிதறடிக்கும் ஒளி, சூரியனுக்குச் செங்குத்தான திசையில் நன்றாகவே ஒருமுகப்பட்டிருக்கும். அங்கே போலரைசர் மூட்டத்தை அழகாக வெட்டும். துகள் பெருத்து மூட்டமும் தடித்துவிட்டால், ஒளி ஒரு துகளில் பட்டு இன்னொன்றில் பட்டு வந்து சேர்வதற்குள் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. அப்போது ஃபில்டரை எத்தனை சுற்று சுற்றினாலும் படம் இருண்டு போவதுதான் மிச்சம். மெல்லிய நீல மூட்டத்தில் பலன் உண்டு, கெட்டியான வெண்மூட்டத்தில் இல்லை.

விடியற்காலைக் காற்று சுத்தம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. குளிர்ந்த, காற்றசைவற்ற இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று ஒரு மூடி போலப் படுத்துக்கொள்கிறது. புகை முழுக்க அந்த மூடிக்கு அடியில் தேங்கும். ஈரப்பதமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி உடைந்து, அதே புகை மேலே ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் வரை கலந்து நீர்த்துப்போகும். குளிர்காலத்தில் பிற்பகல் தெளிவாக இருப்பது இதனால்தான். ஆனால் நண்பகலுக்குப் பின், தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸில் வேறொரு தொல்லை உண்டு: கானல். சூடான காற்று நெளிவதால் தூரத்து விளிம்புகள் குழைந்து வரும், எந்த ஃபோகஸும் காப்பாற்றாது. ஆகவே மாலைச் சாய்வெயில் நல்ல சமரசம்.

மூடிக்கு மேலே நிற்கும் அளவுக்கு உயரமான இடம் கிடைத்தால் மட்டும் விடியலுக்குப் போங்கள். கீழே புகை ஏரி போல் தேங்கியிருக்க, மலைமுடிகள் அதிலிருந்து எழும்பி நிற்கும். அந்தப் படத்துக்கு மூட்டம் வேண்டும்.

மழைக்கு அடுத்த நாள் போங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. மழைத்துளி பெரிய தூசியை நன்றாகவே வாரிக்கொண்டு போகும். ஒளியை அதிகம் சிதறடிக்கும் 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களோ துளியைச் சுற்றி வழுக்கித் தப்பிவிடும். தூறல் பெய்து காற்றசைவில்லாமல் நின்றால் ஈரம் ஏறி மூட்டம் முன்பைவிடக் கனக்கும். மழையோடு பலத்த காற்றும் வந்து பழைய காற்றையே தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள்தான் நாள்.

#8 செவ்வானம்

நான் முழுக்க ஃபோனில்தான் எடுக்கிறேன், அதனால் இதுவரை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். புகை அதிகமாக இருந்தால் சூரிய அஸ்தமனம் இன்னும் சிவப்பாக, அழகாக வரும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, உண்மையா? நான் பார்த்தவரை சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே மங்கிக் காணாமல் போய்விடுகிறது.

#9 ஒளிவலை

நீங்கள் பார்த்ததுதான் சரி. அடிவானத்திலிருந்து தலைக்கு மேல் வரை பற்றி எரியும் அஸ்தமனங்களுக்குத் தேவை கீழே சுத்தமான காற்று, மேலே கொஞ்சம் உயர மேகம். நீலத்தைக் கழித்துச் சிவப்பை விட்டுவைக்கும் வேலைக்குக் காற்று மூலக்கூறுகளே போதும். நீல ஒளி சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. தரையை ஒட்டிய புகையும் தூசியும் எல்லா நிறத்தையும் சேர்த்து மழுக்கிவிடும்.

குழப்பம் எரிமலைகளால் வந்தது. 1883ல் கிரகடோவா வெடித்த பிறகும் 1991ல் பினடூபோவுக்குப் பிறகும் உலகம் முழுக்க அசாதாரண அந்திவானங்கள் தெரிந்தன. அந்தத் துகள்கள் இருந்தது அடுக்குமண்டலத்தில், நாம் மூச்சுவிடும் காற்றுக்கு வெகு மேலே. நகரப் புகை அந்த வேலையைச் செய்யாது.

காட்டுத்தீப் புகை இன்னொரு ரகம். துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்துவிட்டால் சிவப்பே அதிகம் சிதறிப்போய் நீலம் மிஞ்சும். 1950 செப்டம்பரில் கனடாவின் ஆல்பெர்ட்டா பக்கம் எரிந்த காட்டின் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து, ஸ்காட்லாந்தில் சூரியனை நீலமாகக் காட்டியிருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள் செவ்வானம், மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புகை வழியாகச் சூரியன் செந்தட்டாகத் தெரிகிறது என்பதற்காக ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் டெலி லென்ஸ் வைத்து அதையே பார்க்காதீர்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு வந்துகொண்டுதான் இருக்கும்.

#10 செவ்வானம்

நன்றிங்க. ஃபோனில் இன்னொரு தொல்லை. வானம் முழுக்க ஆரஞ்சாகப் புகை மூடியிருந்தாலும் எடுத்துப் பார்த்தால் சாதாரண மேகமூட்டம் மாதிரி சாம்பலாக வருகிறது. நேரில் பார்த்த பயங்கரம் படத்தில் துளிகூட இல்லை.

#11 கழுகுக்கண்

2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இதேதான் நடந்தது. காட்டுத்தீப் புகையால் பகலிலேயே ஊர் ஆரஞ்சாகிவிட்டது. எல்லாரும் ஃபோனை எடுத்தால் படம் சாம்பல்! நிறத்தைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்கு, காட்சி முழுக்க ஒரே நிறம் ஏறியிருந்தால் அது விளக்கின் கோளாறு என்று எண்ணம். கடமையாகத் திருத்திவிடும்.

ஃபோனில் ப்ரோ முறை இருந்தால் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டுங்கள். கேமராவில் வெயில் குறியை வையுங்கள். ப்ரோ முறை இல்லையென்றால் அதைத் தரும் கேமரா செயலி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் பிறகு மாற்றலாம்தான், ஆனால் நேரில் எந்த அளவு ஆரஞ்சு இருந்தது என்பது வீட்டுக்கு வந்ததும் நினைவில் நிற்காது. அங்கேயே பூட்டுவது நல்லது.

எக்ஸ்போஷரையும் ஆட்டோவிடம் விடாதீர்கள். கேமரா மூட்டத்தைப் பார்த்து, ஐயோ வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். வெண்மூட்டம் சேற்று நிறத்தில் வருவது அதனால்தான். முக்கால் ஸ்டாப் ஏற்றி, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆரஞ்சு வானத்துக்கு மட்டும் இது எதிர்மாறு: ஃபோன் இருட்டை இழுத்து வெளிச்சமாக்கிவிடும், அங்கே குறைக்க வேண்டும்.

#12 கருப்புவெள்ளை

பழைய ஆள் ஒருவன் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலமலைநாடி தம்பி, அந்தக் கெட்டுப்போன படத்தைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலையும் தனித்தனியே பாருங்கள். நீலச் சேனலில் இரண்டாவது மலைக்கு அப்பால் ஒன்றுமே இருக்காது. சிவப்பில் மூன்றாவது மலையின் முகடு கோடாகத் தெரியும், நான்காவதும் லேசாகத் தட்டுப்படலாம். குறுகிய அலைநீளம்தான் மூட்டத்தில் அதிகம் அடிபடுகிறது. அந்தக் காலத்தில் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டோமே, அது இதற்காகத்தான். இன்றைக்கு அந்தச் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கினால் போதும், பாதிப் படம் பிழைக்கும்.

இன்னும் போக வேண்டுமென்றால் அகச்சிவப்பு. 720 நானோமீட்டர் ஃபில்டரில் மெல்லிய புகைமூட்டம் அநேகமாகக் கரைந்துவிடும். இலைகள் வெள்ளை வெளேரென்று வரும், அது பிடித்தவர்களுக்கு. மாற்றியமைக்காத கேமராவின் சென்சாரில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் எக்ஸ்போஷர் விநாடிக்கணக்கில் நீளும், ட்ரைபாட் இல்லாமல் ஆகாது. ஆனால் மூடுபனியில் இந்த வித்தை பலிக்காது. பனித்துளி பத்து மைக்ரான் வரும், அகச்சிவப்பின் அலைநீளத்தைவிட எத்தனையோ பெரிது. அதற்கு எல்லா நிறமும் ஒன்றுதான்.

#13 நேர்ப்படம்

எல்லாரும் மூட்டத்தை எப்படி ஒழிப்பது என்றே பேசுகிறீர்கள். நான் கேட்பது வேறு. ஏன் ஒழிக்க வேண்டும்?

பயணப் படம் என்பது அந்த இடம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை. அன்று எடுத்த படங்களில் டீஹேஸ் போட்டுக் கட்டடங்களைத் துலக்கி வைத்தால் அது என்ன படம்? சுற்றுலா விளம்பரம் எல்லாவற்றிலும் வானம் கருநீலம். அதை நம்பிப் போகிறவன் அங்கே வெள்ளைச் சுவரைப் பார்த்து ஏமாறுகிறான். நாமும் அந்தப் பொய்யில் கூட்டுச் சேர வேண்டுமா?

அமெரிக்காவில் 1977லேயே சுத்தக் காற்றுச் சட்டத்தைத் திருத்தி, தேசியப் பூங்காக்களின் காட்சித்தெளிவையே பாதுகாக்க வேண்டிய பொருளாக்கினார்கள். கிராண்ட் கேன்யன் உட்பட 156 இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே ஒரே கோணத்தில் திரும்பத் திரும்ப எடுத்த படங்கள்தான் மூட்டம் கூடியதா குறைந்ததா என்று காட்டுகின்றன. அந்தக் கேமராக்களில் யாரும் டீஹேஸ் ஓட்டவில்லை.

#14 கழுகுக்கண்

நேர்ப்படம், செய்திப் படத்துக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கேமரா பார்ப்பதுதான் உண்மை என்று யார் சொன்னது? கண் அங்கே நான்கு மலைத்தொடர் பார்த்திருக்கிறது, நீலமலைநாடியே அப்படித்தான் எழுதியிருக்கிறார். மூளை உள்ளூரக் கான்ட்ராஸ்டை ஏற்றிக்கொள்கிறது, கேமரா ஏற்றுவதில்லை. கண் பார்த்த அளவுக்கு மீட்பது பொய்யாகாது. கண்ணும் பார்க்காததை வரவழைத்தால், இல்லாத நீல வானத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால், அது பொய்.

#15 நேர்ப்படம்

அந்தக் கோட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோட்டைத் தாண்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள், ஸ்லைடர் ஒன்றுதான். 2020 ஏப்ரலில் ஊரடங்கால் காற்று சுத்தமாகி, பஞ்சாபின் ஜலந்தரில் மொட்டை மாடியிலிருந்தே தௌலாதார் பனிமலை தெரிந்தது. நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம். பல்லாண்டுகளாகப் பார்க்காததை ஆட்கள் ஃபோனில் எடுத்துப் போட்டார்கள். அந்தப் படங்கள் ஏன் பரவின? முந்தைய வருடப் படங்களில் அந்த மலை இல்லாததால்தான். முன்பே எல்லாரும் மென்பொருளில் மலையைத் தோண்டி எடுத்து வைத்திருந்தால் இந்த வித்தியாசம் யாருக்குத் தெரிந்திருக்கும்? குறைந்தபட்சம் ஒரிஜினல் ரா கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

#16 மட்டுறுத்துநர்

நல்ல விவாதம், இதே மரியாதையோடு தொடரட்டும். இடையில் வந்த "எந்த கேமரா வாங்கலாம்" பதிவுகளை அதற்கான இழைக்கு நகர்த்தியிருக்கிறேன்.

#17 நீலமலைநாடி

கருப்புவெள்ளை ஐயா, சேனல்களைப் பிரித்துப் பார்த்தேன். நீலம் வெற்றுத் தாள் போல இருக்கிறது. சிவப்பில் மூன்றாவது முகடு தெரிவதோடு, அதில் ஒரு கோபுரம் நிற்பதும் இப்போதுதான் தெரிகிறது! கருப்பு வெள்ளையாக்கியதும் படத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

நேர்ப்படம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வண்ணப் படமாகவே வேண்டுமென்றால் அந்தத் திட்டுத் திட்டான வானத்துக்கு என்ன வழி?

#18 ஒளிவலை

மூட்டம் நீக்கும் முறைகள் எப்படி யோசிக்கின்றன என்று தெரிந்தால் ஏன் திட்டு விழுகிறது என்பது புரியும். 2009ல் கைமிங் ஹீ, ஜியன் சுன், சியாவோ டாங் மூவரும் வெளியிட்ட வழி மிகவும் புகழ்பெற்றது. மூட்டமில்லாத படத்தில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் ஏதாவது ஒரு சேனலில் கருப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும் என்பது அவர்கள் கண்டது. இலை நிழல், பாறை இடுக்கு, அடர்ந்த நிறம் ஏதோ ஒன்று. அந்தக் கருப்பு வெளுத்திருந்தால், வெளுத்த அளவே மூட்டத்தின் அளவு. அதைக் கழித்து மீதியை நீட்டிவிடுகிறார்கள்.

இப்போது வானத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இயல்பாகவே கருப்புப் புள்ளி கிடையாது. பனிமலை, வெண்பளிங்குக் கட்டடம் எதிலும் கிடையாது. கணக்கு அதையெல்லாம் கெட்டி மூட்டம் என்று எண்ணிச் சுரண்டத் தொடங்கும். லைட்ரூமின் டீஹேஸ் உள்ளே எப்படி ஓடினாலும் வானமும் வெண்மையும்தான் அதற்கும் சோதனை. அதனால் படம் முழுக்கப் போடாமல், முதலில் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்தும் வசதி) வைத்து வானத்தைக் கழித்துவிடுங்கள். பிறகு தூரத்து மலைக்கு அதிகம், நடுமலைக்குக் கொஞ்சம், முன்னால் இருக்கும் பாறைக்குச் சுத்தமாக வேண்டாம். மூட்டமே தூரத்தைப் பொறுத்ததாக இருக்கும்போது மருந்தை மட்டும் ஏன் ஒரே அளவில் கொடுக்க வேண்டும்? நீலம் ஏறினால் அந்த மாஸ்க்கிலேயே ஒயிட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் சற்று நகர்த்துங்கள்.

இன்னொன்று, இதை யாரும் செய்வதில்லை. ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிய கான்ட்ராஸ்டை மீண்டும் ஏழு மடங்கு நீட்டினால் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) ஏழு மடங்கு நீளும். எட்டு பிட் ஜேபெக்கில் அது படிப்படியாக உடைந்து தெரியும். ஆகவே ரா, அடிப்படை ஐஎஸ்ஓ, ட்ரைபாட். அதே ஃப்ரேமை 16 முறை எடுத்துச் சராசரி பார்த்தால் நாய்ஸ் கால் பங்காகும். அதன் மேல் டீஹேஸ் போட்டுப் பாருங்கள், வேறு படமாக இருக்கும்.

#19 கழுகுக்கண்

ஒளிவலை சொன்னது எல்லாம் சரி, ஆனால் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை அது. மூட்டமான நாளில் நான் செய்வது ஒன்றுதான்: தூரத்தை ஃப்ரேமிலிருந்து வெளியே தள்ளுவது. படி இறங்கி, நடந்து பொருளுக்குப் பக்கத்தில் போய் வைட் லென்ஸில் எடுப்பேன். தெரு, முகம், கதவு, சந்தைக் கூரை எல்லாம் ஐம்பது மீட்டருக்குள் இருக்கின்றன. மூட்டம் அங்கே எதிரி கிடையாது, வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸ். நிழல்கள் முரட்டுத்தனம் இல்லாமல் விழும்.

வெள்ளைக் கட்டடத்துக்கு வெள்ளை வானம்தான் பெரிய கண்டம். தாஜ்மகாலைத் தூரத்திலிருந்து எடுத்தால் குவிமாடம் வானத்தோடு கரைந்துவிடும். செம்மணற்கல் நுழைவாயிலின் வளைவுக்குள் நின்று அதையே இருண்ட சட்டமாக வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு கருமை இருந்தால்தான் தூரத்து வெளுப்புக்கு அர்த்தம் வரும். மலையடுக்குக்கும் இதே விதிதான். எதிர்வெயில், டெலி லென்ஸ், முன்னால் கருத்த மரக்கிளை ஒன்று. ஆட்டோஃபோகஸ் வெளுப்பில் தடுமாறும், மலை முகட்டின் விளிம்பில் பூட்டிவிட்டுச் சட்டகத்தை மாற்றுங்கள்.

#20 தூசுதட்டி

புகையோடு சாம்பலும் விழும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு: வெளியில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். சாம்பல் துகள் கூர்மையானது, துணியால் துடைத்தால் பூச்சைக் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் ஊதித் தள்ளுங்கள், பிறகு துணி. வாயால் ஊத வேண்டாம். இங்கே மட்டும் அந்த யூவி ஃபில்டர் மூடிக்கு மரியாதை உண்டு.

கேமராவுக்கு ரெயின்கவர் போடுகிறவர்கள் தங்கள் மூக்கை மறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன வரம்பு, 24 மணி நேர சராசரியாக பிஎம் 2.5 கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். படத்துக்கு நன்றாக இருக்கும் கெட்டி மூட்டம் அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். துணி மாஸ்க் போதாது, என்95 போடுங்கள். ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறுகிறவர்கள்தான் அதிகம் உள்ளே இழுக்கிறார்கள்.

#21 நீலமலைநாடி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஏக்யூஐ போதாது என்றால், கிளம்புவதற்கு முன் வேறு எதைப் பார்ப்பது?

#22 ஒளிவலை

பயணத்துக்குச் சில நாள் முன்பு ஐரோப்பாவின் கோபர்நிகஸ் வளிமண்டல முன்கணிப்பைப் பாருங்கள். துகள்களின் நகர்வை ஐந்து நாள் வரை காட்டும், விண்டி செயலியிலும் அது ஒரு அடுக்காக இருக்கிறது. அதில் ஏரோசால் ஒளியடர்த்தி என்ற வரைபடத்தைப் பாருங்கள், தரையிலிருந்து உச்சி வரை உள்ள மொத்தத் துகளின் கணக்கு. தீ எங்கே எரிகிறது என்பதற்கு நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடம். காற்று அந்தப் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் பக்கத்து விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கை. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். காட்சித்தூரம் நான்கு இலக்கத்தில் மீட்டர் கணக்கில் இருக்கும். கூடவே ஹெச்இசட் என்றிருந்தால் உலர் மூட்டம், எஃப்யூ என்றால் புகை, பிஆர் என்றால் ஈர மூட்டம், எஃப்ஜி என்றால் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கிய மூடுபனி. பிஆர், எஃப்ஜி இரண்டும் வெயில் ஏறியதும் கலைய வாய்ப்பு உண்டு, காத்திருக்கலாம். எஃப்யூ காற்றுத் திசை மாறாமல் போகாது.

9999 என்று கண்டதும் துள்ளாதீர்கள். 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்பதுதான் அதன் பொருள், 11ம் அதில் அடங்கும், 80ம் அடங்கும். உங்கள் நான்காவது மலைத்தொடர் எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். முப்பதைத் தாண்டினால் மெட்டாரை நம்பி மலை ஏற வேண்டாம். அந்த இடத்தில் வெப்கேம் இருந்தால் முந்தைய நாள் மாலை நான்கு மணிப் படத்தைத் திறந்து மலைகளை எண்ணிவிட்டு அப்புறம் வண்டியை எடுங்கள்.